இரண்டு நாக்குகள்

2025 பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போயிருந்தேன். பராசக்தி மாரியம்மன் கோயில் தெருவில் அக்னிச்சட்டிக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒரு கடைப் படியில் ஒதுங்கி நின்றபோது, கூட வந்திருந்த சித்தி மகன் போனை நீட்டி ஒரு ரீல்ஸைக் காட்டினான். ஒரு பையன் நாக்கை வெளியே நீட்டுகிறான். நுனி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி மேலே வளைகிறது, இன்னொரு பாதி கீழே.

"இதப் பண்ணிக்கலாம்னு இருக்கேன்ணே" என்றான்.

எனக்கு வாயில் எச்சில் ஊறி வயிற்றைப் புரட்டியது. "கிறுக்காடா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. தெருப்பக்கம் கண்ணைக் காட்டினான். இரண்டு கன்னத்தையும் துளைத்து அலகு குத்திய ஒருத்தர் வேப்பிலைக் கூட்டத்துக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார். அவர் காலில் ஒரு அம்மா குடம் நிறைய மஞ்சத்தண்ணி ஊற்றினார்.

"அவரக் கேக்கலையே?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் சொல்லும் முயற்சி. பாதி பதில்தான் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

*

முதலில் நடந்த சம்பவங்கள்.

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடைக்காரரும் அவருடைய கூட்டாளியும் கைது செய்யப்பட்டார்கள். மருத்துவம் படிக்காமல் பிளேடை வைத்து நாக்கை இரண்டாகப் பிளந்து, அதைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார்கள் என்பது வழக்கு. கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. கடைக்காரரே தன் நாக்கைப் பிளந்துகொண்டவர், கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு மை ஏற்றிக்கொண்டவர். ஒரு வாரம் டிவி, யூடியூப் எங்கும் அதே படம்தான். "வெளிநாட்டுக் கலாச்சாரம்", "பைத்தியக்காரத்தனம்" என்ற இரண்டு சொற்களை டீக்கடை வரைக்கும் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அதற்கு மூன்றரை வருடம் முன்னால், 2021 மே 3ஆம் தேதி, சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த மறுநாள், பக்கத்து மாவட்டத்துப் பரமக்குடியில் ஒரு பெண் தன் நாக்கை அறுத்துக்கொண்டார். தான் விரும்பிய கட்சி ஆட்சிக்கு வந்தால் நாக்கைக் காணிக்கையாகத் தருவதாக வேண்டுதல். கொரோனா காலம் என்பதால் கோயில் பூட்டியிருந்தது. வாசலிலேயே அறுத்து வைத்துவிட்டு மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தியைப் படித்தவர்கள் "அடப்பாவமே" என்றார்கள், சிலர் "என்ன விசுவாசம்" என்றார்கள். கலாச்சாரம் கெட்டுப்போனது என்று யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இரண்டும் நாக்கு, இரண்டும் பிளேடு. உடல் சேதத்தை மட்டும் பார்த்தால் பரமக்குடியில் நடந்ததுதான் பெரிது. ஆனால் நம் கோபம் முழுவதும் திருச்சிக்குப் போனது. இது ஏன் என்று கேட்பதுதான் விமர்சனத்தின் வேலை என்று நினைக்கிறேன்.

*

இந்த வித்தியாசத்துக்கு மனநல மருத்துவத்தில் ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. ஆர்மாண்டோ ஃபவாஸா என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1987இல் 'பாடீஸ் அண்டர் சீஜ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மனிதர்கள் தங்கள் உடலைச் சேதப்படுத்திக்கொள்வதை அவர் இரண்டாகப் பிரித்தார். சமூகம் ஒப்புக்கொண்டு செய்வது ஒன்று: சடங்கு, நேர்த்திக்கடன், காது குத்து. சமூகம் ஒப்புக்கொள்ளாமல் தனி மனிதர் செய்வது இன்னொன்று. இந்த இரண்டாவதில்தான் அவர் நோயைத் தேடினார். சடங்குகளையும் நோயையும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசியது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல்.

ஆனால் மதுரைக்குத் தெற்கே பிறந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை உடனே இடறும். 'சமூக ஒப்புதல்' என்கிறாரே, அதை யார் கொடுக்கிறார்கள்? ஊர் கொடுக்கும், கோயில் கொடுக்கும். கட்சியும் கொடுக்கும். 2015இல் ஷிஹான் ஹுசைனி ஜெயலலிதா மறுபடி முதல்வராக வேண்டும் என்று சென்னையில் தன்னைச் சிலுவையில் ஆணியடித்துக்கொண்டார், கேமராக்களுக்கு முன்னால். 2016இல் அதே தலைவரின் பிறந்தநாளையொட்டிக் கட்சிக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்து அவருடைய முகத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் எம்ஜிஆர் காலத்திலேயே கட்சிச் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்ட கைகள் நம் ஊர்ப் பெரிசுகளிடம் இன்றைக்கும் உண்டு. தலைவருக்காக உடலைக் கொடுத்தால் தொண்டன். சாமிக்காகக் கொடுத்தால் பக்தன். 'எனக்காக' என்று ஒருவன் சொன்னால் மட்டும் நாம் டாக்டரைத் தேடுகிறோம்.

நமக்கு உறுத்துவது வெட்டு இல்லை, அந்த 'எனக்காக'தான். இது திருச்சிக் கடையை நியாயப்படுத்துகிற வாதம் கிடையாது, அதற்குப் பிறகு வருகிறேன். நம்முடைய அருவருப்பு எவ்வளவு சுத்தமானது என்று பார்த்துக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

*

'வெளிநாட்டுக் கலாச்சாரம்' என்ற குற்றச்சாட்டையும் பார்த்துவிடலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இன்றைக்கு உலகம் முழுக்க 'பாடி மாடிஃபிகேஷன்' என்று அழைக்கப்படும் இயக்கத்தின் தந்தை என்று பலரும் சொல்வது ஃபகீர் முசாஃபர் என்ற அமெரிக்கரை. 1930இல் சவுத் டகோட்டாவில் பிறந்தவர், 2018இல் இறந்தார். இயற்பெயர் ரோலண்ட் லூமிஸ். இந்தியாவையும் அமெரிக்கப் பழங்குடிகளையும் பற்றிப் பத்திரிகைகளில் வந்த படங்களைச் சின்ன வயதில் பார்த்துத் தன் உடம்பிலேயே ரகசியமாகச் செய்து பார்த்தவர். 1985இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் உடம்பைச் சுற்றி வேல்கள் குத்திய சட்டகத்தைச் சுமந்து ஆடினார். அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். காவடி. நம் முருகன் காவடி. 1989இல் வந்த 'மாடர்ன் ப்ரிமிடிவ்ஸ்' என்ற புத்தகம் அவரை இளைஞர்களிடம் கொண்டுபோனது. அங்கிருந்து அது டாட்டூ கடைகளுக்குப் போய், பிறகு இணையத்துக்கு வந்து, கடைசியில் ரீல்ஸாக மல்லாங்கிணற்றுப் பையனின் போனுக்கு வந்து சேர்ந்தது.

நாம் அனுப்பியதுதான் உருமாறித் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் வரும் வழியில் ஒன்று தொலைந்துபோனது. அந்தத் தொலைந்துபோன சங்கதிதான் சித்தி மகன் கேட்ட கேள்விக்கான பாதி பதில்.

அலகு குத்துகிறவர் அன்றைக்குக் காலையில் தோன்றிக் குத்திக்கொள்வதில்லை. காப்புக் கட்ட வேண்டும். நாள் கணக்கில் விரதம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குத்துகிறவர் அதை வருடா வருடம் செய்து கை பழகியவர். பக்கத்தில் மச்சான் நடப்பான், மயக்கம் வந்தால் தாங்க. சாயங்காலம் அலகை உருவி விபூதி வைப்பார்கள். புண் ஆறிவிடும். அடுத்த வாரம் அவர் லேத் பட்டறையிலோ பருப்பு மில்லிலோ வழக்கம்போல வேலை பார்ப்பார். இதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கிறது, கூட வர ஆளும் இருக்கிறது. வலி முடிந்த பிறகு திரும்பிப் போக ஒரு வீடும் இருக்கிறது.

ரீல்ஸில் இது எதுவும் கிடையாது. வெட்டு இருக்கிறது, பார்வை எண்ணிக்கை இருக்கிறது. அதோடு முடிந்தது.

*

இதைச் சொன்னதும் 'அப்படியானால் நம் முன்னோர் எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தார்கள்' என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களுக்காகக் காது.

எங்கள் அப்பத்தாவுக்குக் காது தோளைத் தொடும். அதில் பாம்படம். கரிசல் காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாம்படம், தண்டட்டி என்று ஊருக்கு ஊர் பெயரும் வடிவமும் மாறும். மல்லாங்கிணறு தந்த கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் கட்டுரை நூல் ஒன்றுக்கே 'பாம்படம்' என்று பெயர். அந்த அளவுக்கு அது இந்த மண்ணின் அடையாளம். நாம் அதை ஏக்கத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறோம். 2023இல் வந்த 'தண்டட்டி' படத்தை நான் ரசித்துத்தான் பார்த்தேன். ரோகிணியின் கிழவியும் பசுபதியின் ஏட்டையாவும் மனதில் நிற்பவர்கள். செத்துப்போன கிழவியின் காதில் இருந்த தண்டட்டி எங்கே போனது என்பதுதான் கதையை நகர்த்துகிறது. ஆனால் அந்தக் காது எப்படி அந்த நீளத்துக்கு வந்தது என்பது கதையின் கேள்வியே இல்லை. நகைக்கு ஒரு கதை இருக்கிறது, காதுக்கு இல்லை.

அப்பத்தா சொல்லியிருக்கிறாள். குழந்தையாக இருக்கும்போதே காதைக் குத்தி, ஓட்டையில் பஞ்சைத் திணித்து, பிறகு கனமான குணுக்கைப் போட்டு இழுக்க விடுவார்கள். சீழ் பிடிக்கும். ராத்திரி ஒருக்களித்துப் படுக்க முடியாது. "அழுதா ஆத்தா அடிப்பா. காது வளக்காதவள எவன் கட்டுவான்னு கேப்பா." அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவள் மகள் காலத்தில் பேஷன் மாறியது. நீண்ட காது பட்டிக்காடு ஆனது. தோடு போடுவதற்காகத் தொங்கிய காதை அறுத்துத் தைத்துக்கொண்ட பெண்கள் தென் மாவட்டங்களில் நிறையப் பேர். ஒரே காதை முதலில் ஊருக்காக இழுத்து, பிறகு ஊருக்காகவே வெட்டித் தைத்தார்கள்.

எனவே மரபு என்பதாலேயே அது நல்லது ஆகிவிடாது. சடங்கில் இருக்கும் துணையை மதிக்கிறேன், அதில் இருக்கும் கட்டாயத்தை மதிக்க முடியாது. சித்தி மகனின் நாக்கு விஷயத்தில் இது தலைகீழ். அங்கே கட்டாயம் இல்லை, துணையும் இல்லை.

*

இப்போது சித்தி மகனைப் பற்றிக் கொஞ்சம்.

அவனுக்கு இருபத்து நாலு வயது. ஊரில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் பட்டாசு ஆலை ஒன்றில் பத்தொன்பது வயதில் வேலைக்குப் போனான். ஃபேன்சி ரகம். மருந்து அறைப் பக்கம் வேலை பார்ப்பவர்களை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும், அலுமினியப் பவுடர் படிந்து புருவம், கை மயிர் எல்லாம் வெள்ளியாக மின்னும். குளித்தாலும் நகக்கண்ணில் போகாது. ஒருநாள் உராய்வில் தீப்பிடித்தது. கூட நின்ற ஒருவர் பிழைக்கவில்லை. இவனுக்கு வலது கை, முழங்கைக்கு மேல் வரைக்கும் வெந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. கை வந்துவிட்டது, தோல் வரவில்லை. மெழுகு உருகி உறைந்த மாதிரித் தழும்பு.

இந்தப் பகுதியில் இப்படி உருமாறிய உடல்கள் எத்தனை! 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேதி, எண்ணிக்கை, நிவாரணத் தொகை எல்லாம் பேப்பரில் வரும். பிழைத்தவர்களின் தோல் எந்தப் பேப்பரிலும் வராது. உடலைத் தீவிரமாக மாற்றும் இடம் எது என்று என்னைக் கேட்டால், டாட்டூ கடைக்கு முன்னால் பட்டாசு ஆலையைத்தான் சொல்வேன். இங்கே மாற்றம் சம்மதம் கேட்டு வருவதில்லை.

இரண்டு வருடம் அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. பிறகு மதுரையில் ஒரு டாட்டூக்காரரிடம் போனான். தழும்பு நன்றாக ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இந்த மேடு பள்ளத்துல முகம், பூ எல்லாம் நிக்காது தம்பி. செதில் போடுவோம்" என்றாராம் அவர். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பாம்புச் செதில். தழும்பின் மேடுகள் செதிலின் மேடுகளாகிவிட்டன. அதன் பிறகு அவன் அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். டீக்கடையில் "கைக்கு என்னாச்சு?" என்ற கேள்வி போய் "எங்க போட்டீங்க ப்ரோ?" என்ற கேள்வி வந்தது.

சுய வெளிப்பாடு என்ற சொல்லை நான் அதிகம் நம்புகிறவன் இல்லை. விளம்பரக்காரர்கள் அதைத் தேய்த்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கையைப் பார்த்தபோது அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. விபத்து எழுதியதன் மேல் அவன் தன் கையெழுத்தைப் போட்டிருந்தான்.

அப்படியானால் நாக்கு? கேட்டேன், அன்றைக்கு இல்லை, ஒரு மாதம் கழித்து. "கை பாம்பாயிருச்சுண்ணே. வாயத் திறந்தா மட்டும் பழைய ஆளாவே இருக்கேன்."

*

இந்த இடத்தில் இரண்டு சுலபமான வழிகள் இருக்கின்றன. இணையத்தில் நம் வயதுக்காரர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கிறோம்.

ஒன்று, 'என் உடல் என் உரிமை, அவனுக்கு இஷ்டம்' என்பது. இன்னொன்று, 'இது மனநோய், டாக்டரிடம் கூட்டிப்போ' என்பது.

முதலாவதைச் சட்டமே முழுதாக ஏற்கவில்லை. இங்கிலாந்தில் 'டாக்டர் ஈவில்' என்ற பெயரில் கடை நடத்திய ஒருவர், வாடிக்கையாளர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு ஒருவரின் காதை அகற்றினார், ஒருவரின் மார்புக் காம்பை அகற்றினார், ஒருவரின் நாக்கைப் பிளந்தார். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சம்மதம் செல்லாது என்றது. 2019இல் 40 மாதச் சிறை. நம் நாட்டிலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 87, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவரின் சம்மதத்துக்கு ஓர் எல்லை வைக்கிறது. கொடுங்காயம் ஏற்படும் என்று தெரிந்தே செய்யும் செயலுக்குச் சம்மதம் கேடயம் ஆகாது.

சட்டத்தை விடுங்கள், உடம்பைப் பார்ப்போம். நாக்கு முழுக்கத் தசை, அடியில் தடித்த ரத்தக்குழாய். தவறிப்போய் அது அறுபட்டால் கடைக்காரரால் நிறுத்த முடியாது. வீங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். கண் வெள்ளையில் மை ஏற்றும்போது ஊசி ஒரு இம்மி ஆழமாகப் போனால் பார்வையே போகும். மயக்க மருந்து கொடுக்க அனுமதி இல்லாத, ரத்தம் நிறுத்தத் தெரியாத ஒருவரிடம் இதைச் செய்துகொள்வது சுதந்திரம் அல்ல, ஏமாறுவது. உரிமை பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது பாதுகாப்பான கைகளைத்தான்.

இரண்டாவது வழி இன்னும் ஆபத்து. உடலை மாற்றிக்கொள்ளும் ஆசை தன்னளவில் எந்த மனநோயின் பெயரும் அல்ல. பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது அற்பமான ஒரு குறையை நினைத்து நாள் முழுக்கக் கண்ணாடி முன் தவிப்பது ஒரு நோய். அதற்கு பாடி டிஸ்மார்பிக் டிஸார்டர் என்று பெயர், சிகிச்சையும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் எத்தனை ஆபரேஷன் செய்தாலும் பொதுவாக நிம்மதி அடைவதில்லை. ஆனால் அந்த நோய் மூக்கைச் சீர்செய்யப் போகும் கௌரவமான ஆளிடமும் இருக்கலாம், உடம்பு முழுக்க டாட்டூ போட்டவரிடம் இல்லாமலும் இருக்கலாம். தோலைப் பார்த்து மனதைப் படிக்க முடியாது.

நம் சினிமா நமக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். 'ஐ' படத்தில் நாயகன் மேல் ஏவப்படும் வன்மம் அவன் உடலைச் சிதைக்கிறது. பழிவாங்கும்போது அவனும் வில்லன்களின் உடலைத்தான் ஒவ்வொன்றாகச் சிதைக்கிறான், நாம் கைதட்டுகிறோம். உருமாறிய உடல் அங்கே தண்டனை மட்டும்தான். அந்த உடம்போடு ஒருவர் காலையில் எழுந்து வாழ்வது எப்படி என்பதில் அந்தப் படத்துக்கு அக்கறை இல்லை. 'அந்நியன்' மனநோயை எடுத்துக்கொண்டாலும் அதைச் சாகசமாக்கிவிட்டது. இவற்றைப் பார்த்து வளர்ந்த நான், பங்குனிப் பொங்கல் அன்றைக்கு ஒருவன் மனம் திறந்தபோது கேட்ட முதல் கேள்வி 'கிறுக்காடா' என்பதில் ஆச்சரியம் என்ன?

*

ஒரு மாதம் கழித்துக் கேட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு நாக்கைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசினோம். மீதி நேரம் வேறு பேசினான். ஐந்து வருடமாகக் கதவு பட்டென்று சாத்தினால் உடம்பு தூக்கிப்போடுகிறது. தீபாவளிக்கு ஊரில் இருப்பதில்லை, பஸ் ஏறிப் போய்விடுகிறான். பக்கத்தில் நின்று செத்துப்போனவர் கனவில் வந்து டீ கேட்கிறார். இதையெல்லாம் யாரிடமாவது சொன்னாயா என்றேன்.

"நஷ்டஈடு எவ்வளவு வந்துச்சுன்னுதான்ணே எல்லாரும் கேட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்டதும் அதைத்தான்.

அவனுடைய செதில் கை நோய் இல்லை. நாக்கு ஆசையும் நோய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்குள் சிகிச்சை தேவைப்படும் ஒன்று இருந்தது, அது ஐந்து வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. நாங்கள் எல்லோரும் அவன் தோலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் தழும்பு, பிறகு டாட்டூ, இப்போது நாக்கு.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு எடுத்து வரிசையில் நின்றால் போதும். போக முடியாதவர்கள் 14416க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். நான் கூடப் போனேன். மச்சான் காவடிக்குக் கூட நடக்கிற மாதிரி என்று அவனே சொல்லிச் சிரித்தான். டாக்டர் அவன் கையைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "யார் போட்டது? நல்லா போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறான். மாத்திரை சாப்பிடுகிறான். நாக்கு விஷயம் என்னாச்சு என்று போன வாரம் போனில் கேட்டேன்.

"ஆசை இருக்குண்ணே. அவசரம் இல்ல."

அவன் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். அலகு குத்தியவரை நான் கேட்காததற்குக் காரணம், அவர் கூட ஆள் இருந்தது. அவனைக் கேட்டிருக்க வேண்டியது கிறுக்கா என்று அல்ல. என்றைக்காவது ஒருநாள் அவன் முடிவெடுத்தால், மருத்துவம் தெரிந்த கைகளைத் தேடித் தர முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, நம் நாட்டில் இன்றைக்கு அதற்கு வழியிருப்பதாகத் தோன்றவில்லை. பிளேடு பிடித்த கடைக்குள் அவனைத் தனியாகப் போகவிட மாட்டேன் என்பது மட்டும் தெரியும்.